கால்விரலின் காவலர்

டயகம தோட்டங்களில் மழை பிடித்துவிட்டால் மலையில் உலர்ந்த தடம் ஒன்றைக் காண்பது அரிது. இடுப்பிலே படங்கைக் கட்டி நிரையில் ஏறும் பெண்கள் பொழுதெல்லாம் ஈரத்திலேயே நின்று கொழுந்தெடுக்கின்றனர். மாலையில் லயத்துக்குத் திரும்புகையில் கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்திருக்கும். சில நாளில் அரிப்பு எடுக்கும். பின்னர் தோல் உரியும். சேற்றுப்புண் என்று மக்கள் கூறும் இதனைப் பெரும்பாலும் உண்டாக்குவது சேறு அன்று; பங்கசு எனப்படும் பூஞ்சணமே.

பூஞ்சண வித்திகள் மண்ணிலும் காற்றிலும் மிதிக்கும் தரையிலும் உள. அங்ஙனமாயின் அவை எல்லோரையும் பற்றாதது ஏன்? பிறவியிலேயே உடலுக்கு வாய்த்த காவல் ஒன்று உண்டு. அதன் மதில் தோல். உலர்ந்த தோலிலே பூஞ்சணம் எளிதில் ஊன்றாது. உடலின் உள்வெப்பமும் ஒரு காவலே; 37 பாகைச் சூட்டில் பெரும்பாலான பூஞ்சண இனங்கள் வளரமாட்டா.

மதிலைக் கடந்து வரும் பகையை வெண்குழியங்கள் எதிர்கொள்கின்றன. நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரின் உடலுள் புகுந்த பூஞ்சண வித்திகளை அதன் கலங்கள் சூழ்ந்து விழுங்குவதை உருசிய அறிஞர் மெச்னிக்கோவ் நுண்காட்டியிற் கண்டு, 1884ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற இருவருள் அவர் ஒருவர்.

வெண்குழியம் பகையை இனங்காண்பது எவ்வாறு? பூஞ்சணத்தின் கலச்சுவரில் பீற்றா குளுக்கன் என்னும் பொருள் உண்டு. மனித உடல் அதனை ஆக்குவதில்லை. வெண்குழியத்தின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் புரதம் அதனைப் பற்றியதும், இது அயலார் என அறிந்து குழியம் விழுங்கி அழிக்க முற்படுகின்றது. முன்பின் பாராத பகையையும் இவ்வாறு அறிய இயல்வதே இக்காவலின் சிறப்பு.

ஆயினும் ஊறி வெடித்த தோல், இடிந்த மதிலை ஒக்கும். அவ்வழியே வேறு கிருமிகளும் புகுந்து கால் வீங்குதல் உண்டு. நீரிழிவு உடையோரிடம் வெண்குழியங்களின் ஆற்றலும் குன்றுவதால் தீங்கு பெரிது. அரிப்பைத் தணிக்கவென்று சிலர் ஸ்டீரொயிட் களிம்பைத் தாமே வாங்கிப் பூசுகின்றனர். அரிப்பு அடங்கும், கூடவே காவலும் அடங்கும், பூஞ்சணமோ மறைவிற் பரவும்.

செய்யத்தக்கது எளிது. வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துணியால் ஒற்றுதல் வேண்டும். ஆறாவிடின் மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் பூஞ்சண மருந்தை, அரிப்பு நின்ற பின்னும் குறித்த நாள்வரை பூசுதல் வேண்டும். மதிலைக் காப்பது மனிதர் கடமை. எஞ்சியதைக் காவலர் பார்த்துக்கொள்வர்.