இலை மஞ்சளாகுதா? உரப் பையை அப்புறம் பிரிங்க

உழவர்கரை மொட்டை மாடியில மிளகாய், கத்தரி வளர்க்கிற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிறது: "இலை மஞ்சளாகுது, என்ன உரம் போடலாம்?" நான் சாஃப்ட்வேர் ஆள். எரர் வந்தா முதல்ல லாக் பார்ப்பேன். செடிக்கு லாக் அதோட இலைதான்.

மஞ்சளானது கீழ் இலையா, கொழுந்தா? நைட்ரஜனும் மக்னீசியமும் செடிக்குள்ள இடம் மாறும். பத்தலைன்னா பழைய இலையில இருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துடும். அதனால கீழ் இலைதான் முதல்ல வெளுக்கும். முழுசா வெளுத்தா நைட்ரஜன் குறைவு. நரம்பு பச்சையா இருந்து இடையில மட்டும் மஞ்சளானா மக்னீசியம்.

இரும்பு அப்படி நகராது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்பைச் சந்தேகப்படுங்க. ஆனா மண்ணுல இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காம போகலாம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணியையே தினமும் ஊத்தினா தொட்டி மண்ணோட பிஹெச் 7-ஐத் தாண்டி ஏறும்; இரும்பு கரையாம நின்னுடும். அப்போ இன்னும் உரம் கொட்டினா உப்புதான் சேரும், வேர் கருகும்.

உடனடிக்கு, 1 லிட்டர் தண்ணியில 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து சாயங்காலம் இலையில தெளிங்க. நிரந்தரமா வேணும்னா மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க. சந்தேகம் தீரலைன்னா பக்கத்துல குருமாம்பேட்ல காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு; போய்க் கேளுங்க.

வெளுத்த பழைய இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது. அதைப் பார்த்துச் செடியைப் பிடுங்கிடாதீங்க. அடுத்து வர்ற இலையைப் பாருங்க, பதில் அதுல இருக்கும்.