பார்க்க வருகிறவர்கள் நம் தெருவில் விட்டுப்போவது என்ன?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னார்கள். "சுற்றுலாவுக்கும் நமக்கும் என்னடி சம்பந்தம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. சம்பந்தம் இருக்கு.

மார்கழிக் காலையில் வடக்கு மாட வீதியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பத்துப் பேர், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, ஒரு வழிகாட்டி பின்னால் வருவார்கள். கபாலீசுவரர் கோபுரம், தெப்பக்குளம், பூக்கட்டுகிற பெண்கள், வாசல் கோலம் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்படிக் கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தொழில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். பேச்சுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். பத்துப் பேருக்கு 10,000. வேன் வெளியிலிருந்து வருகிறது. டிபன் பெரிய ஓட்டலில். பட்டுப் பை, பொம்மை எல்லாம் ஏதோ ஒரு மாலில். நம்ம தெருவுக்கு மிஞ்சுவது காலி பாட்டில். மறுநாள் விடியற்காலையில் அதைப் பொறுக்குவது யார்? தூய்மைப் பணிக்குப் போகிற நம்ம குழுப் பெண்களேதான்.

இது மாற முடியுமா என்றால், பக்கத்திலேயே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். கேரளாவில் குமரகம் என்று ஒரு ஊர், வேம்பநாட்டுக் காயல் கரையில். அங்கே பெரிய பெரிய ரிசார்ட்டுகள் உண்டு. 2008 வாக்கில் சுற்றுலாத் துறையும் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குடும்பஸ்ரீ என்பது நம்ம மகளிர் திட்டம் மாதிரி, 1998-ல் தொடங்கியது. ஓட்டல் சமையலுக்கு வேண்டிய காய்கறியை உள்ளூர்ப் பெண்களே விளைவித்துக் கொடுப்பது என்று முடிவானது.

சொல்வது சுலபம். ஓட்டல்காரருக்கு ஒரே தரத்தில், சொன்ன நேரத்தில் சரக்கு வரணும். இன்றைக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு வீட்டில் விசேஷம் என்று நின்றுவிட்டால் ஆர்டர் போச்சு. தனி ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. குழுவாக இருந்ததால் முடிந்தது. விலையை ஓட்டல்காரரோ நாமோ இஷ்டத்துக்குச் சொல்லாமல், அதற்கென்று ஒரு கமிட்டி வைத்துத் தீர்த்தார்கள். தரம் பார்க்கவும் ஆள் வைத்தார்கள். எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். பிறகு கயிறு திரிப்பது, தாழை ஓலை பின்னுவது இதையெல்லாம் பார்க்க வீட்டுக்கே விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். அந்த வீட்டுக்கும் காசு வந்தது. 2014-ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருதுகூடக் கிடைத்தது. விருது கிடக்கட்டும், அடுப்பு எரிந்ததே, அது பெரிசு.

நமக்குக் காயலும் இல்லை, வயலும் இல்லை. ஆனால் கை இருக்கு. ஜனவரியில் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியை அடைத்துக் கோலப் போட்டி நடக்கிறது. நம்ம பெண்கள் போடாத கோலமா? வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் புள்ளிக் கோலம் சொல்லிக் கொடுத்தால் அதற்குக் கூலி வாங்கலாம். "கோலத்துக்குக் கூலியா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சபாவில் பாட்டுக்கு டிக்கெட் உண்டு, பரதம் சொல்லிக் கொடுத்தால் பீஸ் உண்டு. கோலத்துக்கு மட்டும் என்னவாம்?

அப்புறம் சுண்டல், சுக்குக் காபி. தொன்னையிலும் எவர்சில்வர் டம்ளரிலும்தான் கொடுக்கணும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல், கைப்பைக்கெல்லாம் நம்ம மாநிலத்தில் தடை. தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் வரவில்லை, அதனால் அதை நாம்தான் குறைக்க வேண்டும்: ஒரு கேன் தண்ணீர், பத்து டம்ளர், கழுவ ஒரு ஆள். அந்த ஆளுக்கும் சம்பளம். டெய்லரிங் குழுக்காரர்கள் மஞ்சப்பை தைத்து வைத்தால் நவராத்திரியில் கொலு பொம்மை வாங்க வருகிறவர்களும் வாங்குவார்கள்.

பணத்துக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். இரவில் அவர்களோடு நடக்கிற பொதுமக்கள் டார்ச் அடிக்கக் கூடாது. ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டுத் திசை மாறிப் போய்விடும். ஆமைக்கே சட்டம் இருக்கும்போது நமக்கு வேண்டாமா? எங்க தெருவில் ஒரு அக்கா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது நாலு பேர் சுற்றி நின்று கேட்காமலே படம் எடுத்தார்கள். அக்கா மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார், பாதிக் கோலம் அப்படியே கிடந்தது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, சந்துக்குள் ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் வரக் கூடாது. வழிகாட்டிகளிடம் பேசும்போது விலைக்கு முன்னால் இந்த இரண்டையும் சொல்லிவிடணும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மாட வீதிக் குழுக்கள் ஒரு தொன்னைச் சுண்டலுக்கு அடக்க விலை எழுதிக்கொண்டு வாருங்கள். கடலை, எண்ணெய், கேஸ், தொன்னை எல்லாம் தனித்தனி வரியில். நம்ம கூலிக்கும் ஒரு வரி போடுங்க, விட்டுடாதீங்க. உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்காதவர்கள் ஆதார் நகலோடு வந்தால் அன்றைக்கே விண்ணப்பம் எழுதிவிடலாம்.