கழுத்துச் சிலுவையும் கணக்கேடும்

ஒரு கிறிஸ்தவருடைய விசுவாசம் அவர் கழுத்தில் தெரிய வேண்டுமா, வாசல் நிலையில் தெரிய வேண்டுமா, அல்லது அவர் கடன் கொடுத்து வாங்கும் கணக்கேட்டில் தெரிய வேண்டுமா என்பதே இந்த அவையின் முன் நிற்கும் கேள்வி. மலைப்பிரசங்கம், அதாவது மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களில் உள்ள இயேசுவின் உபதேசம், நற்செயல்கள் மனிதர் கண்ணில் பட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, தருமத்தை மனிதர் காணும்படி செய்யாதே என்று இன்னோரிடத்தில் தடுக்கிறது. இதை முரண் என்று எள்ளுவோர் உண்டு. செய்தவர் பெயர் மறைந்து, பெற்றவருக்குக் கிடைத்த நீதி மட்டும் ஊருக்குத் தெரிந்தால் இரண்டு கட்டளைகளும் ஒருசேர நிறைவேறிவிடுகின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரே கிறிஸ்தவர்கள். கடலூர் மாவட்டத்தில் அதிலும் குறைவு. ஆகவே வெள்ளாறு கடலில் சேரும் இப்பரங்கிப்பேட்டையில் ஒரு கிறிஸ்தவரை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் ஆலயத்துக்குள் வராதவர்கள். மீன் ஏலத்தில் அவர் பேசும் பேச்சையும், நகையை அடகுக்கு வாங்கும்போது அவர் சொல்லும் வட்டியையும், வீட்டை வாடகைக்கு விடும்போது அவர் கேட்கும் முதல் கேள்வியையும் கொண்டே அவருடைய சமயத்தை அவர்கள் கணிக்கிறார்கள்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்க், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்றே பாடநூல்களில் போற்றப்படுகிறார். ஆனால் கணவனை இழந்த ஓர் ஏழைத் தமிழ்ப் பெண்ணின் கடன் வழக்கில் அவர் அவள் பக்கம் நின்றதும், தம்மைப் போன்ற வெள்ளையரான டேனிஷ் கோட்டைத் தலைவரின் கோபத்துக்கு ஆளாகி 1708 நவம்பர் முதல் 4 மாதம் சிறையில் கிடந்ததும் அதே அளவுக்குப் போற்றப்படுவதில்லை. அச்சு இயந்திரம் பின்னால் வந்தது. சிறை முன்னால் வந்தது. அந்தப் பெண்ணுக்காக அவர் கொடுத்த 4 மாதங்கள், அவர் எழுதிய எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் இந்தக் கடற்கரை மக்களுக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

அதே சீகன்பால்க் காலத்தில், 1717இல், கடலூரில் பள்ளி தொடங்கப்பட்டது. கடலூரில் பிறந்து 1718இல் திருமுழுக்குப் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, இந்திய மண்ணின் முதல் புராட்டஸ்டண்டு குருவானார். கடலூர் மாவட்டத்து அவை இதற்குக் கைதட்டுவது முற்றிலும் நியாயமே. ஆனால் அந்தக் கைதட்டல் ஓய்ந்தபின் இன்னொரு பெயரும் இந்த மேடையில் ஒலித்தாக வேண்டும்: ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படைவீரராக இருந்து, அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூலைப் படித்து மனம் மாறி, படைக்கலத்தை வைத்துவிட்டு உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாமலேயே சபைக்கு வேதம் கற்பித்து நோயாளிகளையும் சாவு வீடுகளையும் தேடிச் செல்லும் ஊழியராக, ஊர் ஊராக நடந்தவர் அவர். 1741இல் அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது, பறையர் குலத்தில் பிறந்தவர் கையிலிருந்து நற்கருணையின் அப்பத்தையும் ரசத்தையும் பெற மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் இணங்கமாட்டார்கள் என்ற கணக்கில் அவர் ஒதுக்கப்பட்டு, தியோகு என்பவர் குருவாக்கப்பட்டார். ராஜநாயக்கன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இறுதிவரை உபதேசியாராகவே உழைத்து 1771இல் மறைந்தார். யாருடைய விசுவாசம் அன்று கண்ணுக்குத் தெரிந்தது, அப்பத்தை வாங்க மறுத்தவர்களுடையதா, மறுக்கப்பட்டும் நடந்தவருடையதா?

கிறிஸ்தவர் செய்யும் உதவியெல்லாம் ஆள்பிடிக்கும் தூண்டில் என்று மேடைதோறும் முழங்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தருவது வீண். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப் என்னும் உரிமையியல் நீதிபதியாக இருந்த அக்கிறிஸ்தவர், 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் தம் பொருளை வாரிக் கொடுத்தபோது யாரைப் பிடிக்கத் தூண்டில் போட்டார் என்று அவர்கள் சொல்லட்டும். அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடியவர் சைவப் பெரும்புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வேதநாயகம் பிள்ளை தம் நட்பைப் பாராட்டிப் பாடியதோ திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை. தூண்டிலில் சிக்கிய மீன் தூண்டில்காரனுக்குக் கோவை பாடுமா? எனினும் இந்த ஏளனக்காரர்களுக்குத் தீனி போடுகிறவர்கள் நம்மவரிலும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை: பத்துக் கிலோ அரிசி கொடுத்துப் பன்னிரண்டு நிழற்படம் எடுப்போரும், வாரம் முழுதும் கந்துவட்டி வாங்கி ஞாயிறன்று அதில் ஒரு பங்கைக் காணிக்கைப் பையில் போடுவோரும் பகைவர் செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்து முடிக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறந்தநாளுக்கு மறுநாள், ஆழிப்பேரலை இக்கரையோரக் குப்பங்களை அடித்துச் சென்றபோது, முதலில் ஓடிவந்தவர்கள் பரங்கிப்பேட்டை இஸ்லாமிய ஜமாஅத்தினர், அதாவது பள்ளிவாசலை மையமாகக் கொண்ட ஊர்ச் சமூகத்தார். இந்து மீனவர்களுக்குச் சோறு சமைத்ததும், தங்க இடம் தந்ததும், இறந்தவர்களை மீட்டதும் அவர்களே. ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தில் இதைச் சொல்வதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல சமாரியன் உவமையில் இயேசு முன்மாதிரியாகக் காட்டியது கேட்டவர்களின் சொந்தச் சமயத்தாரை அல்ல, அவர்கள் தள்ளிவைத்திருந்த அயலானை.

மீண்டும் ராஜநாயக்கனிடமே வர வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவரை ஒதுக்கிய சாதி இன்னும் ஒழியவில்லை. கிறிஸ்தவராக மாறிய ஒடுக்கப்பட்டோருக்குப் பட்டியல் சாதி உரிமையை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மறுக்கிறது; சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அவ்வுரிமை விரிவாக்கப்பட்ட பின்னும் கிறிஸ்தவருக்கு வாயில் திறக்கவில்லை. அதற்காகத் திருச்சபைகள் ஊர்வலம் போவதும் மனு கொடுப்பதும் நீதிமன்றம் ஏறுவதும் தக்க செயல்களே. ஆனால் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பகுதி பிரித்துக் குறுக்கே சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. அச்சுவரை இடிப்பதற்குத் தில்லியின் கையொப்பமோ நீதிமன்றத்தின் ஆணையோ தேவையில்லை, சபைச் சங்கத்தின் ஒரு மாலைக் கூட்டமும் ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலியும் போதும்.