கைப்பிடிச்சுவர் யார் கட்டுவது?

(மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தையொட்டி நமது ஆஸ்பத்திரி ஊழியர் ஆராதனையில் கொடுக்கப்பட்ட செய்தி. ஆதரவாளர் சிலரும் அன்று வந்திருந்தார்கள்.)



உபாகமம் 22:8-ஐ நாம் வீட்டுப் பிரதிஷ்டைகளில் அதிகம் வாசிப்பதில்லை. வாசிக்கலாம். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும்; கட்டாமல் ஒருவன் விழுந்தால் பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அங்குள்ள கட்டளை. விழுந்தவன் பார்த்து நடந்தானா என்ற கேள்வியே அங்கு இல்லை. யாத்திராகமம் 21-இல் முட்டுகிற மாட்டைப் பற்றிய பிரமாணத்தில் வேறொரு கேள்வி வருகிறது: அது முட்டும் என்று எஜமானுக்கு முன்னமே தெரிவிக்கப்பட்டதா? தெரிவித்தும் கட்டிவைக்காதவனுக்குத் தண்டனை மிகக் கடுமை. அப்படியானால் தெரிவிக்க ஒருவர் வேண்டும், கேட்டு நடக்க ஒருவர் வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து நம்மிடம் வருகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். கல்குவாரியில் கல் தெறித்துக் கண் போனவர்கள், ரைஸ்மில் பெல்ட்டில் கை மாட்டியவர்கள். கூட வரும் முதலாளி, "கவனமில்லை டாக்டர்" என்பார். அடிபட்டவரோ, "என் தலையெழுத்துங்க" என்பார். முதலாளிமாரைக் குறைசொல்லியே பல வருஷம் கழித்தோம். பிறகு நம் வீட்டிலேயே அது நடந்தது.

கடந்த நவம்பரில் நமது வார்டு ஆயா ஒருவர் குப்பைப்பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி விரலில் குத்திவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாது. திட்டுவார்கள் என்று பயந்து அவர் நான்காம் நாள்தான் சொன்னார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. அவர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை. போடாதவர்களுக்கு அந்த நோயுள்ளவரின் ஊசி குத்தினால், நூற்றில் 30 பேர்வரை நோய் தொற்றலாம்.

விசாரித்தோம். ஊசியைப் பையில் போட்டது ஒரு நர்ஸ். ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவில்தான் போடவேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது அவருக்குத் தெரியும். ஆனால் டப்பா தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டது நிர்வாகமாகிய நாங்கள்; உங்கள் காணிக்கையை மிச்சம் பிடிப்பதாக நினைத்தோம். ஆயா கிளவுஸைக் கழற்றி வைத்திருந்தார். அது அவர் தப்புதான். ஆனால் நாங்கள் வாங்கிப்போட்டது ஆண்கள் அளவு; அவர் கையில் நிற்கவில்லை. ஒப்பந்த ஊழியர் என்பதால் தடுப்பூசிப் பட்டியலிலும் அவர் பெயரை எழுதவில்லை. குப்பையைத் தொடும் எல்லாருக்கும் போடவேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

போபாலில் 1981 டிசம்பரிலேயே விஷவாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். தொழிலாளர் எச்சரித்தார்கள், 1982-இல் ராஜ்குமார் கேஸ்வானி பத்திரிகையில் எழுதினார். முட்டுகிற மாடு என்று தெரிவிக்கப்பட்டாயிற்று. 1984 டிசம்பர் 2 இரவு ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன்பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான தொழில் நடக்கும் இடங்களில் தொழிலாளரும் நிர்வாகமும் சமமாக உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி தொழிற்சாலை அல்ல என்று நாங்கள் வாளாவிருந்தோம்.

இப்போது வியாழக்கிழமைதோறும் கூடுகிறோம். இரண்டு ஆயாக்கள், சலவைக்காரர், நர்ஸ். எதிரே சூப்பிரண்டென்ட், கணக்கர், ஸ்டோர்கீப்பர், மேட்ரன். ஒரு நோட்டு உண்டு. முதல் மூன்று வாரம் அதில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நாலாம் வாரம் சலவைக்காரர், தன் அறை வாசற்படி வழுக்குகிறது என்று எழுதினார். இரண்டு வருஷமாக வழுக்குகிறதாம்! சொல்கிறவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பது அங்கே ஒரே விதி. அதை முதலில் மீறினது சூப்பிரண்டென்ட்தான் என்பதையும் மறைக்கவில்லை.

இந்த வருஷக் கணக்கில் "ஊழியர் பாதுகாப்பு" என்று புதுத் தலைப்பு ஒன்றைக் காண்பீர்கள். டப்பா, சின்ன அளவு கிளவுஸ், ஒப்பந்த ஊழியர்களுக்குத் தடுப்பூசி. நோயாளிக்கென்று கொடுத்த பணம் இதற்கு ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள், எழுதுகிறோம்.

அந்த ஆயாவுக்கு மூன்றாம் மாதப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. கடைசிப் பரிசோதனையும் மூன்றாவது தடுப்பூசியும் மே மாதத்தில். அதுவரை அவரையும், அந்த நர்ஸையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.