பழைய வண்டியும் புதிய விதியும்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. 1956-ஆம் ஆண்டில் என் தந்தையார் வாங்கிய 'லாண்ட்மாஸ்டர்' வண்டி அது. வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. பின்னாளில் நாடெங்கும் ஓடிய அம்பாசடருக்கு அக்காள் முறை. அந்த வண்டியின் பெருமையைப் பேச நான் இங்கு வரவில்லை. அது பழமை வாய்ந்த வண்டி ஆகுமா, ஆகாதா என்ற வழக்கைப் பேச வந்திருக்கிறேன். அறுபது ஆண்டைக் கடந்த வண்டிக்கு இப்படியும் ஒரு வழக்கா என்று நீங்கள் வியக்கலாம்.

2020 நவம்பரில் மத்திய அரசாங்கம் பழமை ஊர்திகளுக்கென்று விதிகளின் வரைவொன்றை வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டது. 2021 ஜூலையில் அவை மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்தன. முதற்பதிவு ஆகி 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளும் கார்களும் இந்த வகுப்பில் சேரலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக் காலம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார்களின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் போக்குக்கும் வாடகைக்கும் ஆகாது. இவற்றில் எனக்கு முறையீடு ஏதுமில்லை. பாட்டியை நாள்தோறும் கடைத்தெருவுக்கு அனுப்புவார் உண்டோ?

என் முறையீடெல்லாம் ஒரே வாக்கியத்தின் மீது. ஊர்தி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ, உடற்கூட்டிலோ, இயந்திரத்திலோ மாற்றம் செய்வது போன்ற பெருஞ்சீரமைப்புக்கு உள்ளாகியிருத்தல் கூடாது என்கிறது விதி. வரைவில் இருந்த இந்தக் கருத்து விதியிலும் அப்படியே நிற்கிறது.

இதை என் வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். அது பிறந்தபோது இருந்தது பக்கவால்வு இயந்திரம். மேடேறும்போது மூச்சு வாங்கும். 1967-ல் அதன் உருளை வெடித்துவிட்டது. மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. அந்நாளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாட்டுச் சாமான் வருவது குதிரைக் கொம்பு. மதுரையில் ஒரு பட்டறை மேஸ்திரி, விபத்தில் நொறுங்கிய அம்பாசடர் ஒன்றின் 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரத்தை எடுத்துப் பொருத்தினார். தாங்கு கட்டைகளை அவரே அளவெடுத்து வெட்டினார். பள்ளிப் பையனாக அருகில் நின்று விளக்குப் பிடித்தவன் நான். அவர் திருகாணியை முடுக்கும்போது விரலால் அல்ல, காதால் அளப்பார் என்று அன்று எனக்குத் தோன்றும். தொழிற்சாலையே 1959-ல் அம்பாசடருக்கு இந்த மேல்வால்வு இயந்திரத்தைத்தான் கொடுத்தது. அது செய்தால் முன்னேற்றம். மேஸ்திரி செய்தால் மூல வடிவின் கேடு!

அடுத்து உடற்கூடு. இவ்வகை வண்டிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. (சட்டம் என்று நான் சொல்வது இரும்புச் சட்டத்தை.) உடலே சட்டமாக அமைந்தது. மழைநீர் தேங்கித் தளத்தகடு துருப்பிடித்தால், அதை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தே ஆக வேண்டும். அது பழுதா, மாற்றமா? பெருஞ்சீரமைப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது? விதியின் வாசகம் இதற்கு ஓர் அளவுகோல் தரவில்லை. அளவுகோல் இல்லாதபோது, மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் அலுவலரின் மனமே அளவுகோலாகிறது. என் விண்ணப்பத்தோடு சென்றபோது ஓர் அலுவலர், "இயந்திரம் மாறியிருக்கிறதே, ஐயா" என்றார். அவரை நான் குறை கூறவில்லை. அவர் வாசித்தது விதியை.

மாணவர்களே, திருவாரூர் ஆழித்தேரை நீங்கள் அறிவீர்கள். 1926-ல் அது தீக்கிரையாயிற்று; 1930-ல் புதுத் தேர் ஓடியது. பிற்காலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் அமைத்துக் கொடுத்தது. அதனால் அது ஆழித்தேர் அல்லவென்று தேர்வடம் பிடிக்கும் யாராவது சொல்வாரா?

மறுபக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். திருட்டு வண்டியின் சட்ட எண்ணைச் செதுக்கிவிட்டுப் பழமைப் போர்வையில் பதிவு செய்யும் வஞ்சகர் உண்டு. புத்தம்புது இயந்திரத்தின் மீது பழைய தகட்டைப் போர்த்திப் பந்தயத்துக்கு விடுவோரும் உண்டு. அவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால், களையெடுக்கப் போய்ப் பயிரையும் பிடுங்குவதா?

பிரிட்டனில் இதற்குப் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. அடிச்சட்டத்துக்கு 5, விசைமாற்றிக்கு 2, அச்சுகளுக்கு 2, தொங்கமைப்புக்கு 2, திருப்புமுறைக்கு 2, இயந்திரத்துக்கு 1 என்று எண் கொடுத்து, 8 எண் மிஞ்சினால் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள விட்டனர். அந்த முறையிலும் குறை சொன்னோர் பலர். ஆயினும் இயந்திரத்துக்கு ஒரே எண் கொடுத்ததைக் கவனியுங்கள். வாழ்நாளில் மாறக்கூடிய உறுப்பு அதுவே என்பதை அந்தக் கணக்குப் போட்டவர்கள் அறிந்திருந்தனர்.

நம் விதியிலும் சில சொற்களைச் சேர்த்தால் போதும். அதே வகைத் தகட்டால் துருவை நீக்குவது பழுது பார்த்தலே என்று சொல்லட்டும். பதிவுப் புத்தகத்தில் முன்னரே ஏறிய மாற்றத்தை ஏற்கட்டும். நல்ல தடை, திசைகாட்டி விளக்கு, இருக்கைப் பட்டை ஆகியவற்றை, மீண்டும் கழற்றக்கூடிய முறையில் பொருத்தியிருந்தால், உயிர்காக்கும் பொருட்டு அனுமதிக்கட்டும். ஐயம் எழும் வண்டியை, இந்த வேலை தெரிந்த இருவர் பார்த்துச் சொல்லட்டும்.

என் வண்டியின் பதிவுப் புத்தகம் இப்போது என் முன்னே இருக்கிறது. அதன் மூன்றாம் பக்கத்தில் 1967-ஆம் ஆண்டு தேதியிட்டு, புதிய இயந்திர எண்ணை எழுதி, அன்றைய பதிவு அதிகாரி பச்சை மையில் கையொப்பம் இட்டிருக்கிறார். மை சற்றும் மங்கவில்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன்.