பெற்றவளிடம் ஒரு கேள்வி

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்த அப்பாமார்களே, விடியற்காலை ரயிலுக்கு ஓடுகிற ஓட்டத்தை இன்று ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தங்கைகளே!

தாய்மார்களின் மனநலத்துக்காக உழைத்த ஆய்வாளர்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். இந்தக் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள் நான். முப்பது வருஷம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தினேன். ஆனால் இந்தப் பாடத்தை எனக்கு முதலில் நடத்தியது என் சின்ன அத்தை.

அத்தைக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ராத்திரி பூமிக்குள் பாறை வெடித்தது. ஏர்பிளாஸ்ட் என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அது. அடுக்கில் இருந்த பாத்திரமெல்லாம் உருண்டது. மாமா அப்போது கீழே சுரங்கத்தில் இருந்தார். பச்சை உடம்புக்காரி, பிள்ளையைப் பாயிலேயே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினாள். மாமா உயிரோடுதான் மேலே வந்தார். ஆனால் அன்றிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை. நாலாம் நாள், "இது என் புள்ள இல்ல, மாத்திட்டாங்க" என்றாள்.

காத்து பட்டுவிட்டது என்றார்கள். ஜன்னி என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் பஸ் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை ஆண்டர்சன்பேட்டையில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து அத்தை குணமாகித் திரும்பி வந்தாள். கையை நீட்டினாள். பிள்ளை பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பால் என்றைக்கோ வற்றியிருந்தது. அவளுக்கு வந்த நோய் மூன்று மாதத்தில் தீர்ந்தது. அந்தப் பிரிவு சாகும்வரை தீரவில்லை. மகன் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான், ஆனால் சாப்பாட்டுக்குப் பாட்டி வீட்டுக்குத்தான் போவான்.

அதனால்தான் டாக்டர் பிரபா சந்திராவின் பெயரைக் கேட்டால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடுகிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். 1990களில், எல்லோரும் ஒதுங்கி நின்ற காலத்தில், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் மனநலத்தை ஆராய்ந்தவர். பிறகு பிரசவித்த பெண்களின் பக்கம் தன் உழைப்பைத் திருப்பினார். நிம்ஹான்ஸில் 2009-இல் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஒரே வார்டு திறக்கப்பட்டதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. தாய் குழந்தையைத் தொடுகிறாளா, அது அழுதால் திரும்பிப் பார்க்கிறாளா என்பதையெல்லாம் மருந்து அளவைக் கவனிப்பதுபோலக் கவனித்தார்கள். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டப் பயந்தால் பக்கத்தில் நர்ஸ் நிற்பாள். பிள்ளையைப் பிரிக்காமலே தாயைக் குணமாக்க முடியும் என்பதை நம் நாட்டில், நம் பக்கத்து ஊரில் காட்டினார்கள். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதிப் பிரித்தாலும், 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். என் அத்தை போன பிறகு வந்த சட்டம். வந்ததே பெரிது.

மேற்கே பெங்களூர் என்றால், கிழக்கே வேலூர். நம் பாட்டன் பூட்டன்மார் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது அந்த வடாற்காட்டு மண்ணிலிருந்துதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சந்தித்தார்கள். பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2002-இல் அந்த ஆய்வு வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வில் விழுந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். காரணம் என்ன? காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. வருமானக் குறைவு. மாமியாரோடோ பெற்றவர்களோடோ மனக்கசப்பு. பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது. கூடமாட வேலைக்கு ஆள் இல்லாதது. பாருங்கள், இதில் எது நமக்குத் தெரியாதது? தெரிந்த விஷயத்துக்குக் கணக்கு எடுத்தார்கள். கணக்கு இல்லாத வரைக்கும் அது வீட்டுச் சண்டை. கணக்கு வந்த பிறகுதான் அதற்கு வைத்தியம் கேட்க முடிகிறது.

அந்தக் கணக்கை எடுக்க ஒரு கருவி வேண்டும். ஸ்காட்லாந்தில் 1987-இல் எடின்பரோ அளவுகோல் என்று ஒன்றை உருவாக்கினார்கள். பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்கும். அதைத் தமிழ்ப்படுத்தி, நம் தாய்மார்களிடம் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்த வேலையும் வேலூரில் நடந்தது. மொழிபெயர்த்தால் போதாதா, சோதிப்பானேன் என்று நினைக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வார்களா? "தலை கிறுகிறுங்குது" என்பார்கள். "உடம்பு முடியல" என்பார்கள். "ஒண்ணும் இல்ல விடு" என்பார்கள். அந்த "ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தைக்குள் போக வழி தெரிந்தவர்தான் இந்தத் துறையில் ஆய்வாளர்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தக் கவலை உண்டு. பாகிஸ்தானில், ராவல்பிண்டி கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் என்ற டாக்டர், நம் ஆஷா அக்காக்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடுகளுக்குப் போய் மனநோய் என்று பேசவில்லை. "பிள்ளை நல்லா வளரணும், அதுக்கு அம்மா தெம்பா இருக்கணும்" என்று ஆரம்பித்தார்கள். மாமியார்களும் கதவைத் திறந்தார்கள். மனச்சோர்வில் இருந்த தாய்மார்களில், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோதும் அதிலிருந்து மீளாதவர்கள், இந்தப் பயிற்சி கிடைத்த இடத்தில் 23 சதவீதம், கிடைக்காத இடத்தில் 53 சதவீதம். 2008-இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது. பெரிய டாக்டர்கள் இல்லாத ஊரிலும் இது முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியது. ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு நின்றது. அதற்குப் பிறகு இந்த ஊர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில்தான் பிழைக்கிறது. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிற தாய்மார்கள் எத்தனை பேர்! மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க மாரிக்குப்பம் வண்டியில் நின்றுகொண்டு வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். என் அண்ணன் மகளின் தாயி கார்டை, கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் தருகிற அந்த அட்டையை, வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எடை எழுதியிருந்தது, ரத்த அழுத்தம் எழுதியிருந்தது. அவள் ராத்திரி ராத்திரியாக அழுதது ஒரு வரிகூட இல்லை. "ஆஸ்பத்திரியில சொல்லலையா?" என்றேன். "கன்னடத்துல கேட்டாங்க அத்தை, பரவாகில்லான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

கடைக்குப் போகவும் பஸ் ஏறவும் கன்னடம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. மனசு உடையும்போது வருவது வீட்டு மொழிதான். அதனால் கேட்கிறேன்: பி.யு.சி. படிக்கிற பிள்ளைகளே, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் பேசுகிற உங்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார்? நர்சிங் படியுங்கள், உளவியல் படியுங்கள், சமூகப்பணி படியுங்கள். படித்துவிட்டு இந்த லைன் வீடுகளுக்கே கணக்கெடுக்க வாருங்கள். தங்கத்தை டன் கணக்கில் எழுதி வைத்த ஊர் இது. இங்கே பெற்றவர்களின் மனசைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

அந்தப் பத்துக் கேள்விகளின் தமிழ்த் தாளைப் பிரதி எடுத்து மேடையோரம் வைத்திருக்கிறேன். அங்கன்வாடி டீச்சர்களும் ஆஷா அக்காக்களும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார்களும் எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு ஒரு பெண் ஆமாம் என்று தலையசைத்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரியாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலிமானஸ், காசு கிடையாது. தாள் பற்றாமல் போனால் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.