வேற்றுமொழிக் கல்வியும் தாய்மொழி வலிமையும்



சொற்பட்டியலையும் இலக்கண வாய்பாட்டையும் நெட்டுருச் செய்வித்தலே வேற்றுமொழிக் கல்வி என்பார் பலர். கனடாவில் மாண்ட்ரியலை அடுத்துள்ள செயிண்ட்டு இலாம்பர்ட்டு என்னும் ஊரிலும் பிரெஞ்சு அவ்வாறே கற்பிக்கப்பெற்றது. பல்லாண்டு பயின்றும் பிள்ளைகளுக்குப் பேச்சு வரவில்லை.

ஆங்கிலம் பேசும் பெற்றோர் ஒன்றுகூடிப் போராடினர். அதன் பயனாக 1965-இல் அங்கு மழலை வகுப்பு பிரெஞ்சிலேயே தொடங்கியது. ஆசிரியர் படங்காட்டியும் பொருளைத் தொட்டுக்காட்டியும் பேசினார். பிள்ளைகள் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் விடையிறுக்கவும் தடையில்லை. பொருள் விளங்கியது, மொழி பின்தொடர்ந்தது. அறிந்ததினும் சற்றே மேம்பட்டு, ஆயினும் விளங்குமாறு அமைந்த மொழியைக் கேட்டலே மொழிப்பேற்றின் வேர் எனச் சுடீபன் கிராசன் 1982-இல் தம் நூலில் விளக்கினார். எனினும், கேட்டுணர்தலில் சிறந்த அப்பிள்ளைகள் பேச்சில் அத்துணைச் சிறக்கவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

அவர்தம் ஆங்கிலம் தேய்ந்ததா? இல்லை. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் சேர்ந்தது. சில ஆண்டுகளில் ஆங்கிலவழிப் பிள்ளைகளோடு அவர்கள் ஒத்து நின்றனர். ஏன்? வீட்டிலும் தெருவிலும் வணிகத்திலும் ஆங்கிலம் வலுப்பெற்றிருந்தது. வலுக்குன்றிய மொழியினர்க்கோ வேற்றுமொழிக் கல்வி கூட்டலாகாமல் கழித்தலாகக்கூடும் என்று, அம்முயற்சியை ஆய்ந்த மெக்கில் பல்கலைக்கழக உளநூலறிஞர் வாலசு இலாம்பர்ட்டே எச்சரித்தார்.

ஆகவே, முறையை மட்டும் பெயர்த்து நடுதல் போதாது. தாய்மொழி முதலில் வேரூன்றுக! அதன்பின் வேற்றுமொழி விளங்கும் வழியில் கற்பிக்கப்பெறுக!